வராமல் போன பல்லவப் பெண்

என் நாத்தனார் மகளின் பிறந்தநாளுக்கென்று வாங்கிய பொம்மையை நான் கொடுக்கவேயில்லை. செங்கல்பட்டு பஜாரில், பாத்திரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த பொம்மைக் கடையில் வாங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பிரித்துவிட்டேன். உள்ளே சோழர் காலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு முழ உயரம். கொண்டையைச் சுற்றிப் பூச்சரம், இடுப்பில் நுணுக்கமாக மடித்த கொசுவம், கையில் நகத்தளவு ஓலைச்சுவடி. கூடவே ஒரு குட்டிப் புத்தகம். அவள் எந்த ஊர்க்காரி, அவள் அப்பா என்ன வேலை செய்கிறார், விடிந்ததும் அவள் என்ன சாப்பிடுவாள் என்றெல்லாம் அவளே பேசுவது போல எழுதியிருந்தார்கள். படித்து முடித்து நிமிர்ந்தபோது பஸ் எங்கள் டவுன்ஷிப் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் என்னை இறங்கச் சொல்லிக் கொஞ்ச நேரமாகியிருந்தது போலிருக்கிறது.

நாத்தனார் மகளுக்குக் கேரம் போர்டு வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

நானும் கணவரும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்குப் பிரிவில், அவர் வரைபடப் பிரிவில். கரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் கடற்கரைக்கு வந்தவள் நான். குழந்தைகள் இல்லாத வீட்டில் ஷோகேஸில் ஒரு பொம்மை வந்து உட்கார்ந்ததும், பார்க்க வருகிறவர்கள் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு அதில் பரிதாபம் எதுவும் தெரியவில்லை. எனக்கு அந்தச் சோழப் பெண்ணைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கணவர் முதலில் சிரித்தார். பிறகு ஒருநாள் அவளுடைய ஓலைச்சுவடியை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே நிஜமாகவே எழுத்து இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு பொம்மை, தீபாவளிக்கு முன்னால் வரும். முத்துக் குளிக்கும் துறையில் பிறந்தவள், நாயக்கர் அரண்மனையில் பாடியவள், முதல் ரயிலை வேடிக்கை பார்க்க ஓடியவள் என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் வரிசையாக எல்லாருடைய படமும் இருக்கும். கடைசியில் முகம் இல்லாத ஒரு நீல நிழலுருவம். அதற்குக் கீழே 'பல்லவத் துறைமுகப் பெண் – விரைவில்' என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டிலிருந்து மாமல்லபுரம் கூப்பிடு தூரம். எங்கள் கடற்கரைப் பெண் வரப்போகிறாள். ஒவ்வொரு வருஷமும் வேறு யாராவது வருவார்கள், நிழலுருவம் அப்படியே இருக்கும். நல்லதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

அப்படி ஒரு தீபாவளிக்கு முன்னால்தான் சிஸ்டரைச் சந்தித்தேன். கடையில் ஒரே ஒரு பெட்டி மிச்சம். நான் ஒரு பக்கம் பிடித்தேன், டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு வந்திருந்த ஒரு நர்ஸ் மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் விடவில்லை. கடைக்காரர் பயந்துபோய், திங்கட்கிழமை இன்னொன்று கட்டாயம் வரும் என்று சத்தியம் செய்தார். அவள்தான் முதலில் கையை எடுத்தாள். தான் இங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகவும், திங்கட்கிழமை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். மதுராந்தகத்துக்காரி. தன்னுடைய பொம்மைகளைக் குழந்தைகள் வார்டுக்கு எடுத்துப்போய், ஊசிக்கு அழுகிறவர்களுக்கு அந்தக் குட்டிப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவாளாம். அன்றைக்கே சேர்ந்து காபி குடித்தோம். நான் அவளை சிஸ்டர் என்றேன், அவள் என்னை அக்கா என்றாள். கடைசி வரை அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

எங்களைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று கடைக்காரர்தான் சொன்னார். அச்சரப்பாக்கத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரும் நானும் போய்ப் பார்த்தோம். பெரிய உடம்பு, பெரிய மீசை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். தவிட்டுத் தூசி படாமல் ஒவ்வொருத்திக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. நெல் கொண்டுவருகிறவர்கள் 'மகளுக்கா மொதலாளி?' என்று கேட்பார்களாம். எனக்குத்தான் என்று சொல்லிவிடுவாராம். சொல்லிப் பழகிவிட்டதாகச் சொன்னார். எங்களைப் பார்த்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைப்பட எடுத்துக் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு அந்த வருஷம் வந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கடைக்குப் போய்விட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பொம்மையை எடுத்து மேஜை மேல் வைத்தார். முதுகில் பேட்டரி. பொத்தானை அழுத்தியதும் அது இங்கிலீஷில் ஏதோ பாடிக்கொண்டே நடந்தது. இனிமேல் இதுதானாம். சரித்திரப் பொம்மைகளைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அப்படியானால் பல்லவப் பெண் என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் துக்கத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. நாற்பதை நெருங்குகிற பெண், சம்பளம் வாங்குகிறவள், ஒரு பொம்மை வரவில்லை என்று கண் கலங்குவதை ஆபீஸில் யாரிடம் சொல்வது? சிஸ்டரிடம் சொன்னேன். கையில் இருந்த தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே இருந்தாள். மண்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"நிறுத்திட்டானுங்களா?" என்றார். "இன்னாத்துக்கும்மா? நாமதான் வாங்கிகினு இருக்கோமே."

மறுநாள் மொபெட்டில் செங்கல்பட்டு வரைக்கும் வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஓட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் பூரியைக் கிழித்துக் கிழித்து வைத்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. மற்ற பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், நடக்கிற பொம்மைகூட வந்துவிட்டது, நம்ம பொண்ணு மட்டும் அட்டைப்பெட்டியில் நிழலாகவே நின்றுவிட்டாள் என்றார். பக்கத்து மேஜைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, அவர் வீட்டுக் கல்யாணம் ஏதோ நின்றுபோய்விட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்கும்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி கூடுவாஞ்சேரியில்தானே இருக்கிறது, நேரே போய்க் கேட்டால் என்ன என்றார். ரயிலில் போனால் செங்கல்பட்டிலிருந்து பக்கம். இத்தனை வருஷம் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை நான்கு பேரும் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. நீள மேஜை ஒன்றில் பேட்டரி பொம்மைகளை நடக்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்து, மல்லாந்து கிடந்தபடியே பாடியது. மண்டிக்காரர் அதைத் தூக்கி நிறுத்தி, தலைமுடியைச் சரிசெய்துவிட்டு வந்தார். எதிரிதான், ஆனாலும் பொம்மை.

தையல் பிரிவைப் பார்த்துக்கொண்ட அம்மாள் எங்களிடம் பேசினார். கழுத்தில் அளவு நாடா, மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்த விஷயத்தைச் சொன்னதும் எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க பத்து வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் செய்யறோம்னு நினைச்சுக்கிட்டிருந்தோம்" என்றார்.

பிறகு கதையைச் சொன்னார். மற்ற பெண்களுக்கு உடை வரைவதில் சிரமமே இல்லையாம். பல்லவப் பெண்ணிடம் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. சிலையில் இருப்பது போலச் செய்தால் கடையில் வைக்க முடியாது, ரவிக்கை போட்டால் அது பல்லவர் காலமே இல்லை. மேனேஜர் ரவிக்கை வேண்டும் என்றார். ஆலோசனை சொல்ல வந்த சரித்திரப் பேராசிரியர், ரவிக்கை போட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். ஒரு வருஷம் முழுக்கக் கூட்டம் போட்டு டீ குடித்தார்கள். அதற்குள் விற்பனை குறைந்து தொடரே நின்றுவிட்டது.

"முகம் வார்த்தாச்சு. உடம்பும் வார்த்தாச்சு. துணிதான் இல்லை" என்று சொல்லி எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். ஒரு சாக்குக்குள் மொட்டைத் தலையோடு அவர்கள் கிடந்தார்கள். அகலமான நெற்றி, தடித்த உதடு, எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போன்ற முகம். நிழலுருவத்துக்குள் இப்படி ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைத்ததேயில்லை. அந்த அம்மாள் சேகரிக்கிற எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று எடுத்துக் கையில் கொடுத்தார். செய்து முடித்ததும் தனக்குக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை என்றார். மண்டிக்காரர் தன்னுடையதைத் துண்டில் சுற்றி, ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு மாமல்லபுரம். அத்தனை வருஷத்தில் எத்தனை விருந்தாளிகளை அங்கே அழைத்துப் போயிருப்பேன், ஒரு பெண்ணின் இடுப்பில் துணி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கணவர் வரைபடப் பலகை, பென்சில் எல்லாவற்றோடும் வந்திருந்தார். ஆபீஸ் பழக்கத்தில் முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்று வரையத் தொடங்கினார். தொல்லியல் துறை ஆள் என்று நினைத்து ஒரு கைடு குரலைத் தணித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு காலேஜ் கும்பலே எங்கள் பின்னால் வந்தது.

கிருஷ்ண மண்டபத்தில், தலையில் சுமையும் கையில் உறியுமாக நடந்து வரும் ஒருத்தியிடம் நின்றுவிட்டோம். இவள்தான் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கழுத்தில் நகை, காதில் பெரிய குழை, இடுப்புக்குக் கீழே நல்ல மடிப்பு. மேலே பேராசிரியர் சொன்னது போலத்தான். மண்டிக்காரர் அவசரமாகப் பக்கத்தில் இருந்த பசுவைப் பார்க்கத் தொடங்கினார். சிஸ்டர் சிலையையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, மாட்டையே பாத்துகினு இருந்தா பொம்மை எப்புடி வரும்?" என்றாள்.

கலங்கரை விளக்கக் குன்றில் ஏறி, துர்க்கை எருமைத்தலை அசுரனோடு சண்டை போடும் குகைக்குப் போனோம். அங்கே சிஸ்டர்தான் கண்டுபிடித்தாள். சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை இழுக்கிற அம்மன் மார்பில் ஒரு கச்சை கட்டியிருக்கிறாள். பாறையிலேயே இருக்கிறது. ஆயிரத்து சொச்சம் வருஷமாக இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் ஒரு வருஷம் டீ குடித்தவர்களில் யாராவது ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கலாம்.

பாறை நிழலில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தையைத் தின்றுகொண்டே சண்டை போட்டோம். அம்மனுக்கு இருந்தால் துறைமுகப் பெண்ணுக்கும் கச்சை உண்டு என்றாள் சிஸ்டர். அம்மன் சண்டைக்குப் போகிறவள், இவள் சுமை தூக்குகிறவள், இவளுக்கு எதற்கு என்றேன் நான். கப்பலில் வெளிநாட்டுக்காரன் வந்து இறங்குகிற ஊரில் பட்டுத் துணி கிடைத்திருக்காதா, மேலே ஒரு பட்டைப் போர்த்திவிட்டால் என்ன குறைந்துபோகும் என்றார் மண்டிக்காரர். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவரவர் பொண்ணை அவரவர் வளர்ப்பது என்று முடிவாயிற்று. என் பக்கம் திரும்பிய கணவர், நம்முடையவளை ஷோகேஸில் மேல் தட்டில் வைத்துவிடலாம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் குவார்ட்டர்ஸ் வரவேற்பறையில் கழிந்தன. முதல் தகராறு நிறத்தில் வந்தது. கம்பெனி உடம்பு ரோஸ் நிறம். தொடரில் வந்த எல்லாப் பெண்களும் அந்த நிறம்தான், அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. சிஸ்டர் உள்ளங்கையைத் திருப்பிவிட்டு முன்கையை மேஜை மேல் நீட்டினாள்.

"சார், இந்தக் கலரு வரணும். எங்க ஊரு வெயில்ல நின்னவ இந்தக் கலர்லதான் இருப்பா."

கணவர் பெயிண்ட் கலக்கினார். முதல் தடவை செங்கல் மாதிரி வந்தது. அடுத்தது பழைய காபி. ஒவ்வொரு முறையும் பொம்மையின் பாதத்தில் ஒரு தீற்று தீற்றி, அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒத்துப்போன அன்றைக்கு அவள் ரொம்ப நேரம் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அதே கிண்ணத்திலிருந்துதான் எடுத்துப் பூசினோம்.

முடிக்குச் செங்கல்பட்டு பஜாரில் சவுரி வாங்கினோம். சிஸ்டர் வளைந்த ஊசியால் அதைத் துணித் தொப்பியில் தைத்தாள். பயப்படாதே, வலிக்காது என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மண்டிக்காரர் திருவிழாக் கடையில் சொப்புப் பானைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழ கனம். அந்தக் கையால் பட்டில் அவர் கொசுவம் மடித்ததைப் பார்த்துவிட்டு, நான் மடித்ததைப் பிரித்துவிட்டு மறுபடியும் மடித்தேன்.

பொங்கல் லீவில் எல்லாரையும் கூப்பிட்டோம். பொம்மைக் கடைக்காரர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார். நாங்கள் கேள்விப்பட்டே இராத சேகரிப்பாளர்கள் வந்தார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு தம்பதி, தாம்பரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர்க்காரப் பெண். எல்லாரும் தங்கள் பொம்மைகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் பல்லவப் பெண்ணுக்காகக் காத்திருந்தவர்கள்தான். அந்த நீல நிழலுருவத்தை எத்தனை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் வரவேற்பறையில் உட்கார இடமில்லாமல், சோழப் பெண்கள் கட்டிலில் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள்.

தையல் அம்மாளும் வந்தார். நடுவில் மேஜை மேல் எங்கள் பல்லவப் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி கச்சையோடு, ஒருத்தி பட்டோடு, ஒருத்தி பாறையில் இருப்பது போலவே, நகையும் முன்னால் விழுந்த கூந்தலுமாக. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியையும் தூக்கிப் பார்த்தார். மடிப்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் சண்டை போட்டோம்" என்றார். "மூணு விதமாவும் செஞ்சிருக்கலாம் போல."

என்னுடையவளின் கொசுவத்தில் ஒரு மடிப்பைத் திருத்தினார். பிறகு, அடுத்தது யாரைச் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். சாக்கில் இன்னும் உடம்புகள் இருக்கின்றனவாம். நாங்கள் யாரும் அப்படி யோசித்திருக்கவில்லை. மண்டிக்காரர், சரக்கு ரயில் கார்டு பெண்சாதி என்றார். கம்ப்யூட்டர்க்காரப் பெண், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்றாள். ஆளாளுக்குப் பேச, கணவர் பென்சிலைத் தேடினார். சிஸ்டர் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"நாத்து நடறவ. எங்கம்மா மாதிரி."

ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நட்டு நட்டுத்தான் அவளுடைய அம்மா அவளை நர்சுக்குப் படிக்கவைத்தார். அதைப் பற்றி அவள் அதுவரை எங்களிடம் பேசியதில்லை. அதுதான் என்று மண்டிக்காரர் சொன்னார். கணவர் அதையே தாளில் எழுதிக்கொண்டார்.

மாசி மாதம் மதுராந்தகத்துக்குப் போனோம். சிஸ்டரின் அம்மா இப்போது நடவுக்குப் போவதில்லை. மகள் கட்டிய தளம் போட்ட வீட்டில், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எங்களை நம்பவில்லை. சோழப் பெண்ணையும் நாயக்கர் அரண்மனைக்காரியையும் கையில் கொடுத்துக் காட்டினோம். இவங்க பக்கத்துல என்னை நிக்க வைக்கப் போறீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். மொசைக் தரையில் குனிந்து, இடது கையில் பட்டாணிக் காய்களை நாற்றுமுடி போலக் கட்டாகப் பிடித்து, வலது கையால் தரையில் ஊன்றிக் காட்டினார். கணவர் படபடவென்று வரைந்தார். பாதி வழியில் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சீக்கிரம் எழுதுப்பா, இடுப்பு புடிச்சிக்கும்" என்றார். "ராணிங்களுக்கு இன்னா, நிமிந்துகினு நிக்கறாளுங்க."

சிஸ்டர் தரையில் உட்கார்ந்தே விட்டாள், அவ்வளவு சிரிப்பு. மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா நிமிராமல், இன்னொரு நாற்றுமுடியை எடுத்துத் தரச்சொல்லி என் பக்கம் கையை நீட்டினார்.